நான் என்று சொல்கிறவள்

இந்த வேலையின் முதல் விதி:
அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்.
‘அவர் சொல்கிறார்’ என்று தொடங்கக் கூடாது.
ஆகவே செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு
டண்டினோங்கில், என் குசினி மேசையில்,
தோசைக்கல் இன்னும் ஆறாமல் கிடக்க,
என் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது.
நாலு மாதமாக. நோவில்லை.
இரவில் உடுப்பு நனைய வேர்க்கிறது.

பெயர் யோகசீலன். வயது நாற்பத்தொன்று.
இருப்பது மில்டூராவில். நான் பார்த்ததில்லை,
அவரையும், ஊரையும்.
திராட்சைத் தோட்டங்களில் ஒன்பது வருடம்,
ஆறு ஆறு மாத விசாக்களில்.

என்ன வேலை என்று டாக்டர் கேட்டார்.
‘பழம் ஆயிறது, கொடி கட்டுறது,
பிறகு மருந்தடிக்கிறது.’
அவசரத்தில் ‘மெடிசின்’ என்றுவிட்டேன்.
என்ன மெடிசின், எத்தனை மில்லிகிராம், என்றார் டாக்டர்.
மன்னிக்கவும், அது மொழிபெயர்ப்பாளரின் பிழை, என்று திருத்தினேன்.
என்னைப் பற்றிப் பேசும்போது மட்டும்
நான் படர்க்கை.

பூச்சியைக் கொல்வதும் மருந்து,
காய்ச்சலைத் தணிப்பதும் மருந்து.
கடன்பட்டுச் செத்தவனைப் பற்றியும்
‘மருந்து குடிச்சிட்டான்’ என்றுதானே சொல்கிறோம்.
ஒருவருக்கும் குழம்பியதில்லை,
இன்றைக்கு எனக்குக் குழம்பும்வரை.

பிறகு அந்தச் சொல், எக்ஸ்போஷர்.
அகராதியில் இருப்பதைச் சொன்னால் அவருக்கு விளங்காது.
‘மருந்து உங்களில பட்டதா?’ என்றேன்.

‘படாமல்?
காத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் படும்.
ட்ராக்டர் அடிச்சிட்டுப் போன மறுநாள்
விடியவே எங்களை இறக்கிவிடுவாங்கள்.
இலையெல்லாம் ஈரம். பனியெண்டு நினைச்சம்.
பனி கையைக் கடிக்காதுதானே.
டீசேட்டைக் கழட்டி வாயில கட்டுவம்.
வரிசை முனையில ஒரு பலகை நிக்கும், மண்டையோடு கீறினது.
அதிலதான் சாப்பாட்டுப் பையைக் கொழுவுறது.’

எல்லாவற்றையும் நானே செய்ததாகச் சொன்னேன்,
மண்டையோட்டில் பையைக் கொழுவியது உட்பட.

‘அக்கா, தோட்டத்தின்ர பேரை மட்டும் கேட்டால் சொல்லமாட்டன்.
இதை அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.
பொடியள் இன்னும் அங்கதான் நிக்கிறாங்கள்.’
விதி இரண்டு: அறையில் பேசியது எதையும் விடக்கூடாது.
பொடியளையும் விடவில்லை, ‘சொல்லிப்போடாதேங்கோ’வையும் விடவில்லை.
அங்கே தட்டச்சுச் சத்தம் நின்றது.
கொஞ்ச நேரம் மூவருமே பேசவில்லை.
மௌனத்தை நான் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

டாக்டர் நேர்மையானவர்.
இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது,
ரிஸ்க் கூடும், என்றார்.
தமிழில் பத்திரிகைகள் அதை ‘வாய்ப்பு’ என்று எழுதும்:
புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம்.
ஒன்பது வருடமாக ஒரு வாய்ப்புக்குக் காத்திருந்தவரிடம்
அந்தச் சொல்லை நீட்ட எனக்கு நா எழவில்லை.
‘வரக்கூடிய ஆபத்து’ என்றேன்.
‘வந்திட்டுதே’ என்றார்.

இருபத்தாறு நிமிடம்.
குறிப்புத் தாளைக் கிழிக்க வேண்டும், அதுவும் விதி.
கழுத்து, கட்டி, மருந்து, மருந்து.
அடுத்த அழைப்பு யாரோ ஒருவரின் பார்க்கிங் தண்டம்.

மூன்று கிழமை கழித்து, தாதி ஒருத்தியின் குரல்,
அதே கழுத்து.
நரம்பு வழியாக இன்று முதல் மருந்து.
அவள் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்:
வாந்தி வரலாம். முடி கொட்டலாம்.
கொஞ்ச நாளைக்கு உங்கள் உடுப்பைப்
பிள்ளைகளின் உடுப்போடு தோய்க்க வேண்டாம்.
அவர் ஒன்றுக்கும் ‘ஓம்’ போடவில்லை.
கேட்குதா, என்றேன்.

‘கேட்குது அக்கா.
இந்தப் பிள்ளை கையுறை ரெண்டு சோடி,
மேலங்கி, கண்ணாடி, முகமூடி
எல்லாம் போட்டுக்கொண்டெல்லோ வந்து நிக்குது.
ஏனெண்டு கேளுங்கோ.’

கேட்டேன்.

அவள் சொன்னதைத் தன்மை ஒருமையில்,
ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்,
அவரிடம் சொன்னேன்:
இந்த மருந்து
என்மேல் ஒரு துளியும் படக்கூடாது.